பாக்கியரத்தினத்தின் பெயரில் வந்த மூன்று கண்ணாடிகள்

இடம்: பொலிஸ் நிலையம், முறைப்பாட்டுப் பகுதி, திருகோணமலை.
திகதியும் நேரமும்: 1998.11.20, வெள்ளிக்கிழமை, முற்பகல் 10.40.
எழுதியவர்: பொலிஸ் சார்ஜன் முஹம்மது தம்பி.
பெயர்: சின்னப்போடி தங்கமுத்து. வயது: 43.
தொழில்: மலேரியா ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டி உத்தியோகத்தர், பதினெட்டு வருடச் சேவை.
பிறந்த இடம்: வெருகல். வசிப்பிடம்: லிங்கநகர், திருகோணமலை.

இன்று காலை 9.10க்குக் கொழும்புத் தலைமை ஆய்வுகூடத்திலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு ஒரு தொலைநகல் வந்தது. மறுபரிசோதனைக்கு நாங்கள் அனுப்பிய, இரத்தம் பூசிய 702ஆம் இலக்கக் கண்ணாடியை இரண்டு பேர் தனித்தனியே பார்த்தார்கள் என்றும், அதில் பல்சிப்பாரம் வகை மலேரியா ஒட்டுண்ணி மிக அதிகமாக உள்ளது என்பதை இருவரும் உறுதி செய்தார்கள் என்றும் அதில் இருக்கிறது. தொலைநகலின் மூலத்தை இத்துடன் ஒப்படைக்கிறேன். அந்தக் கண்ணாடியில் இருக்கும் இரத்தத்தை நான் களவெடுத்தேன் என்பதே என்மீதுள்ள முறைப்பாடு.

முறைப்பாட்டைக் கொடுத்தவர் வைத்தியசாலை நிர்வாகி திரு. தவராசா. வைத்தியசாலையின் பெயர் முறைப்பாட்டில் இருப்பதால் நான் மீண்டும் சொல்லவில்லை. 28.10.1998 அன்று தனி அறைக்குள் அனுமதியின்றிப் போனேன், நோயாளியின் இரத்தத்தைக் களவாக எடுத்தேன், எயிட்ஸ் கிருமியுள்ள அந்த இரத்தத்தைப் பொதுத் தெருவால் கொண்டுபோய் ஊருக்கு ஆபத்து உண்டாக்கினேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். நிர்வாகியின் அனுமதி இல்லாமல் போனது உண்மை. இரத்தம் எடுத்ததும் உண்மை, ஆனால் அது களவல்ல. ஊருக்கு ஆபத்து எதுவும் ஏற்படவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

நோயாளியின் பெயர் வேலன் பாக்கியரத்தினம், வயது 34, சொந்த ஊர் இலங்கைத்துறை. ஆறு வருடம் வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில் வேலை செய்தவர். சென்ற வருடம் மீண்டும் கப்பலேறுவதற்காகக் கொழும்பில் செய்த மருத்துவச் சோதனையில் அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது. அதன் பின்னர் அவர் தமக்கையின் லிங்கநகர் வீட்டில் இருந்துகொண்டு துறைமுக இறங்குதுறையில் பாரந்தூக்கி இயக்கும் வேலைக்குப் போய்வந்தார். இந்த விபரத்தை இங்கே சொல்வதற்கு அவரே எனக்கு அனுமதி தந்தார். அவர் இப்போது இந்த அறைக்கு வெளியே வாங்கில் இருக்கிறார். கேட்டுப் பார்க்கலாம்.

எங்கள் வேலைமுறையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். இந்த மாவட்டத்தில் காய்ச்சல் என்று யார் வந்தாலும் முதலில் இரத்தம் எடுப்போம். இடது கை மோதிரவிரலில் குத்தி, ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தடித்த வட்டமாகப் பூசுவோம். இன்னொரு சொட்டை மெல்லிய நாக்குப்போல இழுப்போம். அது காய்ந்ததும் அதன் மேலேயே பென்சிலால் இலக்கம் எழுதுவோம். பள்ளிப் பிள்ளைக்கும் ஆமிக்காரருக்கும் கோயில் குருக்களுக்கும் சிறைக் கைதிக்கும் இதே முறைதான். சுற்றியுள்ள வைத்தியசாலைகளின் கண்ணாடிகள் எல்லாம் என் மேசைக்கு வரும். பெயரையும் இலக்கத்தையும் தவிர ஆளை எனக்குத் தெரியாது. பார்த்த பின்னர் 'உண்டு' அல்லது 'இல்லை' என்று எழுதி அனுப்புவேன். ஒட்டுண்ணி இல்லாத கண்ணாடிகளையும் மறுபரிசோதனைக்காகப் பெட்டியில் வைத்திருப்போம்.

27.10.1998 செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியளவில் பாக்கியரத்தினத்தின் தமக்கை அன்னப்பிள்ளை, வயது 52, ஆய்வுகூடத்துக்கு வந்தார். அதற்கு முன்னர் நான் அவரைக் கண்டதில்லை. கதிரையைக் காட்டியும் அவர் இருக்கவில்லை.

"மிஸ், நீங்கள்தானே இரத்தம் பாக்கிறது?"

"ஓம்."

"என்ர தம்பியின்ர இரத்தத்தில ஒண்டும் இல்லை எண்டு மூண்டு தரம் எழுதினதும் நீங்கள்தானே?"

பெயரைக் கேட்டுப் பதிவேட்டைப் பார்த்தேன். 18, 21, 24ஆம் திகதிகளில் 611, 634, 655 என்ற இலக்கங்களில் பாக்கியரத்தினத்தின் பெயரில் கண்ணாடிகள் வந்திருந்தன. மூன்றுக்கும் நேரே 'இல்லை' என்று என் கையெழுத்தில் இருந்தது. அவரிடம் அப்படியே சொன்னேன்.

"ஒண்டும் இல்லாத இரத்தத்துக்கு ஏன் பிள்ளை ஒண்டைவிட்ட ஒருநாள் குளிர் நடுங்குது? நானும் அந்தக் கரையில வளந்தனான். கட்டில் ஆடுறதைப் பாத்தே மலேரியா எண்டு சொல்லுவன்."

அதன் பின்னர் அவர் விபரம் சொன்னார். தம்பி வெருகல் திருவிழாவுக்குப் போய், அங்கிருந்து இலங்கைத்துறையில் ஐந்து கிழமை உறவினரோடு வலை இழுத்துவிட்டு ஒக்டோபர் 4ஆம் திகதி பயண அனுமதிப் பாஸ் எடுத்துத் திரும்பியிருக்கிறார். 12ஆம் திகதி காய்ச்சல் தொடங்கி, 17ஆம் திகதி வைத்தியசாலையில் சேர்த்திருக்கிறார்கள். சேரும்போதே தமக்கு எச்.ஐ.வி. இருப்பதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். உடனே அவரை வாட்டிலிருந்து எடுத்து, பழைய கட்டில்கள் வைக்கும் அறையில் தனியாகப் போட்டிருக்கிறார்கள். அவரைக் கடித்த நுளம்பு தங்களைக் கடிக்கும் என்று வாட்டில் உள்ளவர்கள் சண்டை பிடித்ததால் நுளம்பு வலையும் கட்டியிருக்கிறார்கள். இது அந்த வருத்தத்தின் கடைசிக் கட்டம், செய்வதற்கு ஒன்றும் இல்லை, 29ஆம் திகதி காலை வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"அந்த வருத்தம் இருந்தால் இந்த வருத்தம் வராதோ? நுளம்புக்கு ஆர் அவன்ர நோயாளர் அட்டையை வாசிச்சுக் காட்டினது?" என்று அன்னப்பிள்ளை கேட்டார்.

எச்.ஐ.வி. உடம்பின் எதிர்ப்பைக் குறைக்கும், ஆகவே மலேரியா வந்தால் அது சாதாரண ஆளைவிட வேகமாக ஏறக்கூடும் என்று பயிற்சியில் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அவரை இருக்கச் சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்து அந்த மூன்று கண்ணாடிகளையும் மீண்டும் பார்த்தேன். வழக்கமாகப் பார்க்கும் அளவைப்போல இரு மடங்கு பார்த்தேன். ஒட்டுண்ணி இல்லை. ஆனால் இரண்டு விடயங்கள் பொருந்தவில்லை. பல நாள் காய்ச்சலில் கிடப்பவரின் இரத்தம் வெளிறியிருக்கும், இந்த மூன்றிலும் செவ்வணுக்கள் நிறைந்து நல்ல நிறமாக இருந்தன. வெள்ளணுக்களில் நான்கில் ஒன்று செம்மஞ்சள் மணிகள் நிரம்பிய வகையாக இருந்தது. அந்த வகை, மூச்சு இழுக்கும் முட்டு வருத்தம் உள்ளவர்களிலும் வயிற்றில் பூச்சி உள்ளவர்களிலும்தான் கூடி இருக்கும். 'மலேரியா உண்டா' என்று மட்டும் தேடிப் பழகிய கண்ணுக்கு முதல் தரம் இது படவில்லை. அது என் பிழை.

28ஆம் திகதி புதன்கிழமை நண்பகல் நோயாளரைப் பார்க்கும் நேரத்தில் அன்னப்பிள்ளையோடு வைத்தியசாலைக்குப் போனேன். கைப்பையில் புதிய குத்தூசி, கையுறை, பஞ்சு, துடைத்த கண்ணாடிகள், கண்ணாடி வைக்கும் மூடிய மரப்பெட்டி ஆகியவை இருந்தன. அறை வாசலில் சிற்றூழியர் செல்லத்தம்பி நின்றார். அந்த வைத்தியசாலையில் விரல் குத்தி இரத்தம் எடுப்பவர் அவர்தான். தமக்கைக்கு மட்டுமே அனுமதி என்றார். நான் மலேரியா ஆய்வுகூடத்திலிருந்து வந்தனான் என்றதும் விலகி நின்றார். அவர் மூச்சு இழுத்து இழுத்து விடுவதை அப்போது கவனித்தேன்.

வலைக்குள் பாக்கியரத்தினம் கண் மூடிக் கிடந்தார். உதடும் நகமும் வெளிறியிருந்தன. சாப்பாட்டுக் கோப்பை வாசற்படியிலிருந்து ஒரு தடியால் தள்ளிவிடப்பட்டிருந்தது. அந்தத் தடி சுவரில் சாத்தியிருந்தது. நான் வலையைத் தூக்கி அவருடைய இரண்டு கைகளையும் எடுத்துப் பார்த்தேன். கயிறு இழுத்த காய்ப்பு இருந்தது. பத்து விரலிலும் ஊசி குத்திய அடையாளம் ஒன்றுகூட இல்லை.

"இரத்தம் எடுக்கப் போறன். சம்மதமா?" என்று கேட்டேன்.

அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். "மிஸ், பதினொரு நாளுக்குப் பிறகு அக்காவைத் தவிர என்னைத் தொட்ட முதல் ஆள் நீங்கள்தான். எல்லா விரலிலயும் குத்துங்கோ" என்றார்.

கையுறை போட்டுக்கொண்டு இடது மோதிரவிரலில் ஒரு தரம் குத்தினேன். மூன்று சொட்டு எடுத்தேன், முதல் சொட்டைத் துடைத்து மற்ற இரண்டையும் பூசினேன். முறைப்பாட்டில் சொல்லப்பட்ட இரத்தத்தின் அளவு அவ்வளவே. ஊசியையும் பஞ்சையும் தகரப் பேணியில் அடைத்து எடுத்துக்கொண்டேன்.

அதன் பின்னர் வெளியே வந்து, "செல்லத்தம்பி அண்ணை, உங்கட இடக்கையைக் காட்டுங்கோ" என்றேன். அவர் கையைச் சாரத்தில் துடைத்தார், ஆனால் நீட்டவில்லை. நானே பிடித்துத் திருப்பினேன். மோதிரவிரல் நுனியில் மூன்று கறுப்புப் புள்ளிகள் இருந்தன. ஒன்று இன்னும் ஆறவில்லை.

"எனக்கு மூண்டு பிள்ளையள் மிஸ். அவற்ர விரலைக் குத்த என்னால ஏலாது. இரத்தம் அனுப்பாட்டி நிர்வாகி ஏசுவார். அதுதான்..."

"உங்களுக்கு மலேரியா இல்லை அண்ணை. மூண்டு தரம் பாத்திட்டன். முட்டுக்கு மட்டும் மருந்தெடுங்கோ" என்றேன். அன்னப்பிள்ளை அவரை ஏசுவார் என்று நினைத்தேன். அவர் ஏசவில்லை. "என்ர தம்பிக்காக மூண்டு தரம் குத்து வாங்கியிருக்கிறாய். அதை அவனுக்கு ஒருக்கால் குத்தியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார்.

வைத்தியசாலையிலிருந்து ஆய்வுகூடத்துக்குப் போகும் வழியில் ஒரு சோதனைச் சாவடி இருக்கிறது. அங்கே நின்ற சிப்பாய் பெட்டியைக் காட்டி என்னவென்று கேட்டார். மலேரியா இரத்தம் என்றேன். அவர் பெட்டியைத் தொடவில்லை. தமக்குப் போன மாதம் மலேரியா வந்ததென்று சிங்களத்தில் சொல்லித் தம்முடைய மோதிரவிரலைக் காட்டிவிட்டுப் போகச் சொன்னார். பெட்டி வழியில் எங்கும் திறக்கப்படவில்லை. கண்ணாடியில் பூசிய இரண்டு சொட்டு இரத்தம் மூடிய பெட்டிக்குள் இருந்து தெருவில் போகும் எவருக்கும் எச்.ஐ.வி.யைக் கொடுக்காது. நுளம்பாலும் அது பரவாது. மலேரியாதான் நுளம்பால் பரவும். ஆகவே அந்த வலை கட்டியது நல்ல காரியம், கட்டிய காரணந்தான் பிழை.

1.20க்கு ஆய்வுகூடத்தை அடைந்தேன். கண்ணாடி காய்வதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. சாயம் போட்டுக் கழுவி, 3.05க்கு யன்னல் வெளிச்சத்தில் நுணுக்குக்காட்டியில் வைத்தேன். முதல் பார்வை வட்டத்திலேயே ஒட்டுண்ணிகள் மோதிரங்கள்போல நிறைந்து கிடந்தன. எண்ணினேன், முப்பத்திரண்டு. அடுத்த வட்டத்தில் முப்பதுக்குக் குறையவில்லை. என் சேவையில் உயிரோடிருக்கும் ஆளின் இரத்தத்தில் அவ்வளவு பார்த்தது அதற்கு முன்னர் இரண்டு தரம். அந்த இரண்டு பேரும் அடுத்த நாளைக் காணவில்லை. 702ஆம் இலக்கத்துக்கு நேரே 'உண்டு' என்று எழுதினேன். பதிவேட்டில் அந்தச் சொல் மற்றவற்றைவிடப் பெரிதாக இருக்கும், பார்க்கலாம்.

3.40க்கு நான்கு கண்ணாடிகளையும் எடுத்துக்கொண்டு பொறுப்பு வைத்தியர் கனகசுந்தரத்தின் அறைக்குப் போனேன். நிர்வாகி தவராசாவும் அங்கே இருந்தார். நடந்ததைச் சொல்லத் தொடங்கியதும் அவர் எழுந்தார்.

"ஆரைக் கேட்டு எடுத்தனீங்கள்?"

"இரத்தத்தின்ர சொந்தக்காரரைக் கேட்டுத்தான் எடுத்தனான்."

வைத்தியர் அவரைக் கையால் அமர்த்திவிட்டு, "மிஸ், மூண்டு தரம் இல்லை எண்டு உங்கட கையெழுத்திலதானே வந்தது? அதை நம்பித்தானே நான் மலேரியா மருந்தை நிப்பாட்டினனான்?" என்று கேட்டார்.

"ஓம் டொக்டர். பாத்தது சரி. ஆள்தான் பிழை."

செல்லத்தம்பியைக் கூப்பிட்டார்கள். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் தாமாகவே இடக்கையை வைத்தியரின் மேசையில் வைத்தார். வைத்தியர் அந்த விரலைத் திருப்பிப் பார்த்தார். அதன் பின்னர் சிறுநீர் பார்க்கும் அறையில் உள்ள நுணுக்குக்காட்டியில் 702ஐத் தாமே வைத்துப் பார்த்தார். தலையை நிமிர்த்தாமலே கையை நீட்டினார்.

"தவராசா, மருந்து அலுமாரித் திறப்பு."

எழுத்தில் தந்தால்தான் சாவி தரலாம் என்று நிர்வாகி சொன்னார். வைத்தியர் மேசையில் கிடந்த நாட்காட்டித் தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தார். அலுமாரியில் குயினைன் ஊசி மருந்து ஆறு குப்பி இருந்தது. 4.25க்குச் சேலைனில் கலந்து ஏற்றத் தொடங்கினார்கள். ஊசியை ஏற்றியவர் வைத்தியரே. அந்த அறைக்குள் அவர் அன்றைக்குத்தான் முதல் தரம் போனார் என்று அன்னப்பிள்ளை என்னிடம் சொன்னார். வெளியே வரும்போது அந்தத் தடியை எடுத்து முழங்காலில் வைத்து முறித்துப் போட்டுவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து 31ஆம் திகதி வரை ஒவ்வொரு நாளும் கண்ணாடி எடுத்தோம். 29ஆம் திகதி ஒரு வட்டத்தில் இருபது. அவரை வீட்டுக்கு அனுப்புவதாக இருந்த நாள் அதுதான். 30ஆம் திகதி நான்கு. அன்று பிற்பகல் நிர்வாகி இந்த முறைப்பாட்டைக் கொடுத்தார். குப்பி முடிந்து மாத்திரை தொடங்கியது. 31ஆம் திகதி நூறு வட்டத்திலும் சேர்த்து ஒன்பது. அன்று காலை நான் அறையில் நிற்கும்போது பாக்கியரத்தினம் தாமே எழுந்திருந்து கஞ்சியை ஒரு வாய் குடித்தார்.

"அக்கா, ஆர் இந்தக் கஞ்சியைக் காய்ச்சினது? உப்பு எண்டதே இல்லை."

வைத்தியசாலைக் குசினியில் உப்பு இருந்தது. அன்னப்பிள்ளை அங்கே கேட்கவில்லை. லிங்கநகருக்கு நடந்துபோய் வீட்டிலிருந்து உப்பு எடுத்துக்கொண்டு வந்தார்.

நவம்பர் 4ஆம் திகதி, ஏழாம் நாள் கண்ணாடியை எடுக்க நான் போனபோது செல்லத்தம்பி கையுறை போட்டுக்கொண்டு எனக்கு முன்னரே நின்றார். தாம் எடுப்பதாகச் சொன்னார். பாக்கியரத்தினம் விரலை நீட்டி, "அண்ணை, இந்த முறை என்ர விரல். உங்கட விரலை மறந்துபோய்க் குத்திப்போடாதையுங்கோ" என்றார். அறைக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்ற வாட்டுக்காரர்கள் சிரித்தார்கள். வலையைப் பற்றிச் சண்டை பிடித்தவர்களும் அதில் இருந்தார்கள். அந்தக் கண்ணாடியில் ஒட்டுண்ணி இல்லை. நான்காவது தரமாக அவருடைய பெயருக்கு நேரே 'இல்லை' என்று எழுதினேன். இந்த முறை அது அவருடைய இரத்தம்.

9ஆம் திகதி திங்கட்கிழமை அவர் வைத்தியசாலை முன்வாசலால் நடந்து வெளியேறினார். பின்பக்கம் வாகனம் விடலாம் என்று நிர்வாகி சொன்னதை அவர் ஏற்கவில்லை. 14ஆம், 21ஆம் நாள் கண்ணாடிகளும் சுத்தம். 16ஆம் திகதியிலிருந்து துறைமுகத்தில் வேலை செய்கிறார். அவருடைய எச்.ஐ.வி. போகவில்லை. அதற்கு முழு மருந்து இங்கே இன்னும் கிடைப்பதில்லை, அது அவருக்கும் தெரியும். ஆனால் அவரைக் கொல்ல வந்தது அதுவல்ல, கொல்ல வந்ததை அடித்துத் துரத்தினோம். 30ஆம் திகதிக்குப் பின்னர் அந்த வைத்தியசாலையில் காய்ச்சலுக்கு வந்த எச்.ஐ.வி. உள்ள இன்னொருவருக்கும் முதல் மணித்தியாலத்திலேயே இரத்தம் எடுத்து அனுப்பினார்கள். எடுத்தவர் செல்லத்தம்பி. எழுத்தில் தரும்படி நிர்வாகி யாரையும் கேட்கவில்லை.

இன்னும் முடியாதவை மூன்று. 611, 634, 655 ஆகிய கண்ணாடிகளில் இருப்பது பாக்கியரத்தினத்தின் இரத்தமாக இருக்க முடியுமா என்பது பற்றிய தலைமை ஆய்வுகூட அறிக்கை டிசம்பர் 2ஆம் திகதி வரும் என்று இன்றைய தொலைநகலில் உள்ளது. செல்லத்தம்பி தம்முடைய வாக்குமூலத்தைத் தாமாகவே தருவதற்கு நாளை வருகிறார். முறைப்பாடு நீதிமன்றத்தில் டிசம்பர் 4ஆம் திகதி எடுக்கப்படும். பாக்கியரத்தினத்தின் கடைசிக் கண்ணாடி, அதாவது இருபத்தெட்டாம் நாள் கண்ணாடி, வரும் புதன்கிழமை 25ஆம் திகதி காலை ஒன்பது மணிக்கு என் மேசையில் எடுக்கப்படும். அதில் எதுவும் இல்லாவிட்டால் இந்த மலேரியா முற்றாகக் குணம் என்று எழுதுவேன்.

எழுதியது முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் உண்மையென்று அறிந்து ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) சி. தங்கமுத்து

பிற்சேர்க்கை, பிற்பகல் 12.15: சாட்சி ஒப்பத்துக்கு ஆள் தேவைப்பட்டதால் வெளியே இருந்த பாக்கியரத்தினம் உள்ளே அழைக்கப்பட்டார். சார்ஜன் தம்முடைய பேனையை அவரிடம் கொடுத்தார். அவர் ஒப்பமிட்டுத் திருப்பிக் கொடுத்தார். சார்ஜன் அதை வாங்கி, துடைக்காமலே தம்முடைய சட்டைப் பையில் செருகினார். இதையும் எழுதும்படி நான் கேட்டுக்கொண்டேன். அதே பேனையால் எழுதினார்.

(ஒப்பம்) சி. தங்கமுத்து
சாட்சி: (ஒப்பம்) வே. பாக்கியரத்தினம்